கட்டிய கையும் பொத்திய வாயும்

சென்ற வாரம் ஒரு பாடம் நடத்தினோம். ‘செய்தித் தொடர்பு’ என்பது பாடத்தின் பெயர். மனிதன் மனிதனோடு தொடர்பு கொள்ளும் வழிகள் யாவை? பேச்சு, எழுத்து, சைகை, படம், ஒலி – வரிசையாகக் கரும்பலகையில் எழுதினோம், விளக்கினோம், எடுத்துக்காட்டும் தந்தோம். எதிரே நாற்பது பிள்ளைகள். ஒரு முகத்திலும் அசைவில்லை. எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று நமக்குள்ளே ஒரு பெருமிதம்! பிறகுதான் கண்ணில் பட்டது. நாற்பது பேரும் கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தனர். ஏன்? வகுப்பில் நுழைந்ததும் நாம் இட்ட முதற்கட்டளையே அதுதானே! “கையைக் கட்டு! வாயைப் பொத்து!”

வேடிக்கையைப் பாருங்கள், தோழர்களே! கையைக் கட்டச் சொல்லிவிட்டுச் சைகையின் சிறப்பை உரைத்தோம். வாயைப் பொத்தச் சொல்லிவிட்டுப் பேச்சின் பெருமையைப் பேசினோம். பகுத்தறிவு ஏடுகளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். தன்மானம் என்ற சொல்லைத் தாலாட்டுப் போலக் கேட்டவர்கள் நாம். நம் நாவிலிருந்தே அந்தக் கட்டளை புறப்பட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் எழுதுவதுதான் இந்தக் கட்டுரை.

கட்டளை நாம் கண்டுபிடித்ததன்று. நமக்கு ஆசிரியராக இருந்தவர் நமக்கு இட்டது. அவருக்கு ஆசிரியராக இருந்தவர் அவருக்கு இட்டது. தொடக்கத்தைத் தேடிப் பின்னோக்கி நடந்தால் வழி பள்ளிக்கூடத்தோடு முடியவில்லை. பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே போய் நிற்கிறது! அங்கே நின்றானே ஓர் உழவன் – தோளில் கிடந்த துண்டு கக்கத்தில் ஒடுங்க, முதுகு வளைய, கை கட்டி, தன் மூச்சுக்காற்று மேலே பட்டுத் ‘தீட்டு’ ஆகிவிடுமோ என்று உள்ளங்கையால் வாய் மூடி – அவன் நின்ற நிலைதான் இன்று நம் பிள்ளைகள் அமரும் நிலை. ஒழுங்கு என்று இதற்குப் பெயர் சூட்டியிருக்கிறோம்.

பாடநூல் வகைகளைச் சொல்கிறது. எந்த வகையில் யார் யாரிடம் பேசலாம், பேசினால் மறுமொழி சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்பதைச் சொல்லவில்லை. அனுப்புபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், நடுவே செய்தி என்று அம்புக்குறி போட்டு முடித்துவிடுகிறது. அம்பு திரும்பி வருமா? எய்தவனை நோக்கிப் பெற்றவன் ஒரு சொல் சொல்ல முடியுமா? முடியாதென்றால் அதற்குத் தொடர்பு என்று பெயரில்லை, தோழர்களே. ஆணை என்று பெயர். நம் சமுதாயத்தில் நூற்றாண்டு நூற்றாண்டாக நடந்ததில் பெரும்பகுதி ஆணைதான் என்பது நம் குற்றச்சாட்டு.

உடலின் மொழியை எடுத்துக்கொள்வோம். இதை ஏதோ மேனாட்டார் நேற்றுக் கண்டுபிடித்தது போலச் சிலர் பேசுகின்றனர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்துவிட்டது. உள்ளத்தில் எழுவது உடலில் தெரிவதே மெய்ப்பாடு. வள்ளுவரோ குறிப்பறிதல் என்று ஒரே பெயரில் இரண்டு அதிகாரம் வைத்தார் – ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலர்க்கு! இத்தனை நுட்பமாக உடலைப் படித்த மக்களிடையே பிறகு நடந்தது என்ன? எட்டில் அச்சத்தையும் இளிவரலையும் ஒரு பிரிவினர்க்கு ஒதுக்கிவிட்டனர். பெருமிதத்தையும் வெகுளியையும் மற்றொரு பிரிவினர் பட்டா போட்டுக்கொண்டனர். ஏழை வெகுண்டால் திமிர்! செல்வன் வெகுண்டால் கண்டிப்பு! சேரி இளைஞன் நிமிர்ந்து நடந்தால், மீசையை முறுக்கினால், காலணி அணிந்து தெருவில் சென்றால் – அதுவும் ஒரு செய்திதான் என்று புரிந்துகொள்ளும் நுண்ணறிவு ஆதிக்கக்காரனுக்கு இருந்தது. அதனால்தான் அடித்தான்.

தென் திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிய முயன்றபோது ஏன் கலவரம் மூண்டது? ஒரு முழத் துணியா காரணம்? 1820-களில் தொடங்கிய அந்தத் தோள்சீலைப் போராட்டம் 1859-இல் அரசு ஆணை பெறும்வரை நீண்டது. ஆடை இல்லாத மார்பு, ‘நான் கீழானவள்’ என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். பெண்கள் அந்தச் சொல்லைச் சொல்ல மறுத்தார்கள். வாய் திறக்காமலே தந்த மறுமொழி அது! பின்னாளில் நம் தோழர்கள் முழங்கால் தொடும் துண்டைத் தோளில் தொங்கவிட்டு ஊர்த் தெருவில் நடந்தார்களே, ‘துண்டுக்காரர்கள் வருகிறார்கள்’ என்று கேலி பேசினார்களே, கேலி பேசியவர்களுக்கும் அந்தத் துண்டு என்ன பேசுகிறது என்பது நன்றாகவே தெரியும்.

சைகை என்றதும் கடல் கடந்த கொடுமை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கென ஒரு மாநாடு கூடிற்று. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். சைகைமொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்க வேண்டும், வாய்ப்பேச்சு ஒன்றே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். யாருடைய மொழியோ அவரைக் கேளாமலே அவர் மொழிக்குத் தூக்குத் தண்டனை! சைகைமொழிக்கும் இலக்கண அமைப்பு உண்டு என்று அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோகோ 1960-இல் எழுதிக் காட்டினார். மிலானில் செய்தது தவறு என்று அதே வகை மாநாடு வான்கூவரில் வருத்தம் தெரிவித்தது 2010-இல்! நூற்றுமுப்பது ஆண்டுகள்! அத்தனை தலைமுறைக் குழந்தைகளும் கை கட்டி அமர்ந்தவர்கள்தாம். எவனுடைய மொழி மொழி, எவனுடைய மொழி வெறும் கையாட்டல் என்று முடிவு கட்டும் அதிகாரம் வல்லவனிடம் இருந்தால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். கோயில் கருவறைக்குள் தமிழ் ‘நீச மொழி’ ஆனதும் இந்த வழியிலேதான்.

இனி, வாய்ப்பேச்சு. தமிழ் இனிமையான மொழி, ஐயமில்லை. அந்த இனிய மொழியின் நீ, நீர், நீங்கள் மூன்றையும் வைத்துக்கொண்டு நாம் கட்டிய ஏணியைப் பார்த்தீர்களா? பத்து வயதுப் பாலகன், அறுபது வயது முதியவரை அழைக்கிறான்: “டேய் முனியா, மாட்டை அவிழ்த்துக் கட்டு!” முதியவர் சொல்கிறார்: “ஆகட்டும் சின்னய்யா.” பேச்சு முடிந்தது. செய்தி போய்ச் சேர்ந்தது. பாடநூலின்படி தொடர்பு வெற்றி! ஆனால் மாட்டைக் கட்டச் சொன்னதா அதிலிருந்த செய்தி? மாடு வெறும் சாக்கு. ‘உன் நரைக்கு மதிப்பில்லை, என் பிறப்புக்கு மதிப்புண்டு’ என்பதல்லவோ செய்தி! அதை நாள்தோறும், வேளைதோறும், தபால்தலையில்லாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

மரியாதை என்பார்கள். பெரியோரை மதிக்கும் பண்பாடு என்பார்கள். அப்படியானால் அறுபது வயது முனியன் பெரியவர் அல்லரா? பண்பாடு வயதைப் பார்த்ததா, வம்சத்தைப் பார்த்ததா? விடை சொல்லட்டும் பழமைப் பித்தர்கள்!

1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே ஒட்டிக்கிடந்த சாதிப்பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது ஏதோ அலங்காரத்துக்காக அன்று. ஒருவர் தம் பெயரைச் சொல்லும்போதே எதிரே நிற்பவர் எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது அந்தப் பட்டம். 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபோது ஸ்ரீ போய்த் திரு வந்தது. ஸ்ரீமதி போய்த் திருமதி வந்தது. எழுத்து ஒன்று மாறினால் வயிறு நிறையுமா என்று நகைத்தார்கள். நிறையாதுதான். ஆனால் அரசாங்கக் கடிதத்தில் முதன்முறையாகத் ‘திரு’ என்று தன் பெயரைப் பார்த்த கூலித் தொழிலாளி அந்தக் கடிதத்தை ஏன் மடித்துப் பெட்டியில் வைத்தான் என்று அவர்கள் சிந்திக்கவில்லை.

பறைக்கு வருவோம். பறை என்றால் இசைக்கருவி. பறை என்றால் சொல் என்றும் பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதைப் பறைவது என்றே சொல்கிறார்கள். சொல்லுதல் என்ற வினையையே பெயராகக் கொண்ட கருவியை முழக்கியவனுக்கு ஊர்க்கூட்டத்தில் சொல்லும் உரிமை இல்லை! ஏரி திறப்பா, திருவிழாவா, வரி கட்டும் நாளா – தண்டோராப் போட்டு ஊருக்கெல்லாம் அறிவித்தவன் அவன். ஊராரின் கருத்து என்ன என்று திரும்பிப் போய்ச் சொல்ல அவனை யாரும் பணிக்கவில்லை. அவன் குரல் இரவல் குரல். பிறர் சொல்லைச் சுமக்கும் கழுதையாக ஒரு சமூகத்தையே ஆக்கி வைத்தோம். தண்டோராப் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள், வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது எப்போது தெரியுமா? 2022-இல்! செயற்கைக்கோள்கள் வானத்தில் சுற்ற, கைப்பேசிகள் சட்டைப்பையில் சிணுங்க, கீழே தெருவில் பறை சுமந்தவன் அதுவரையிலும் நடந்துகொண்டிருந்தான்.

இவை யாவினும் விந்தையானது ஒன்று உண்டு. சொல்பவருக்கும் பொருள் தெரியாது, கேட்பவருக்கும் பொருள் தெரியாது. ஆனால் சொல்லியே தீர வேண்டும் என்ற தொடர்பு! உலகத்துச் செய்தித்தொடர்பு நூல்களில் இதற்கு இடமில்லை. நம் மணப்பந்தலில் மட்டும் உண்டு. புரோகிதர் முணுமுணுக்கிறார். மணமகன் திருப்பிச் சொல்கிறான், பாதி விழுங்கி. மணமகளோ வாயே திறப்பதில்லை. தலை குனிந்திருப்பதுதான் அவளுக்கு விதித்த வேலை. தகப்பன் அவளைத் தானமாகத் தருகிறான். பசுவைத் தானம் கொடுக்கும்போது பசுவின் விருப்பத்தைக் கேட்பதுண்டா? அதுபோலத்தான். “சுவாமி, இப்பொழுது சொன்னதற்கு என்ன பொருள்?” என்று அந்தப் பெண் நிமிர்ந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும், பந்தற்கால்கள் ஆடிவிடும்.

அதற்காகத்தான் சுயமரியாதைத் திருமணம் வந்தது. புரோகிதரை நீக்கியது என்றுதான் அதைப் பற்றிப் பேசுகிறோம். நாம் அதில் வேறொன்றைக் காண்கிறோம்: பெண்ணின் வாயைத் திறந்துவிட்டது! 1950-களில் அத்தகைய மணம் ஒன்றைச் செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சடங்கில்லையாம், ஆகவே மணமில்லையாம். மனம் ஒன்றி வாழ்ந்தவர்களைப் பார்த்துச் சட்டம் கையை விரித்தது. பிறகு 1967-இல் அண்ணா கொண்டுவந்த திருத்தம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்று ஒரு பிரிவு நுழைந்தது. அதன் வாசகத்தைப் படித்தவர் எத்தனை பேர்? மாலை மாற்றலாம், மோதிரம் மாற்றலாம், தாலி கட்டலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. அவற்றுக்கெல்லாம் முன்னே நிற்பது எது? மணமக்கள் இருவரும், தங்களுக்குப் புரியும் ஏதாவது ஒரு மொழியில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம் என்பது! தங்களுக்குப் புரியும் மொழியில்! இரண்டாயிரம் ஆண்டு மந்திரக் கோட்டையைத் தகர்க்க இந்த மூன்று சொற்கள் போதுமானவையாக இருந்தன. அவன் சொல்கிறான், அவளும் சொல்கிறாள். கேள்வி உண்டு, மறுமொழி உண்டு. அந்த நொடியில் அங்கே இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள், தானப்பொருள் இல்லை.

ஆனால் இன்று நம் தோழர்கள் வீட்டுத் திருமணங்களிலே என்ன நடக்கிறது? தலைவர் வருகிறார், வாழ்த்துகிறார், முக்கால் மணி நேரம் அரசியல் முழங்குகிறார். மணமகள் அங்கேயும் குனிந்த தலை நிமிரவில்லை. உறுதிமொழியைத் தலைவரே படித்துவிடுகிறார்! சமஸ்கிருதம் போய்த் தமிழ் வந்தது. பெண்ணின் குரல் எப்போது வரும்?

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். அது நம் வாசகர்கள் நன்கறிந்த கதை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் என்றும் குவிரன் என்றும் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. அரசனின் மெய்க்கீர்த்தியன்று, புழங்கும் பானையில் பெயர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பானையில் பெயர் எழுதிய நாட்டில், பிற்காலத்தில் எழுத்து எப்படிச் சிலர் வீட்டுச் சொத்தானது? 1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் 100-க்கு 18 பேர்தான்! எழுத்தைப் பூட்டி வைத்தவன் மறுமொழியையும் பூட்டி வைத்தான். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்தவன் என்ன மறுத்துப் பேச முடியும்? ஆகவேதான், அச்சு இயந்திரம் கைக்கு எட்டியதும் ஒடுக்கப்பட்டவர்கள் முதல் வேலையாக ஏடு நடத்தினார்கள். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே தம் இதழுக்குப் பெயர் வைத்தார். இழிவாக எறிந்த சொல்லை எடுத்து மகுடமாகச் சூட்டிக்கொண்டார். 1907-இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார்; விலையே பெயரானது. 1920-இல் அம்பேத்கர் தொடங்கிய மராத்தி ஏட்டின் பெயர் ‘மூக்நாயக்’ – ஊமைகளின் தலைவன்! 1925-இல் ‘குடி அரசு’. பெயர்களை வரிசையாக ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பொத்திய வாய் ஒவ்வொரு விரலாக விலக்கிக்கொண்டு வெளிவருவது தெரியும்.

அந்த ஏடுகளைப் படித்தது எப்படி? ஒருவர் வாங்குவார், முடிதிருத்தும் கடையிலோ தேநீர்க் கடையிலோ ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா போனார்களா? “அதெப்படி?” என்பார் ஒருவர். “ஏன் கூடாது?” என்பார் மற்றொருவர். பாதி மழித்த முகத்தோடு ஒருவர் எழுந்து வாதிடுவார்! எழுத்து, பேச்சு, சைகை மூன்றும் அங்கே ஒன்றாயின. வானொலி அரசின் கையில் இருந்தது. அது பேசும், நாம் கேட்கலாம், அவ்வளவுதான். மறுத்துப் பேசும் வானொலி நம் படிப்பகங்களிலும் கடைத் திண்ணைகளிலும்தான் இருந்தது. பெரியாரும் தம் கூட்டங்களில், நான் சொல்கிறேன் என்பதற்காக ஏற்காதீர்கள், உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எதிர்க்கேள்வியை வரவேற்ற மேடை அது.

இன்று? ஒவ்வொருவர் கையிலும் ஒரு நிலையம். ஏழையும் பேசலாம், எழுதலாம், படம் பிடித்துக் காட்டலாம். மறுமொழிக்கு அதிலே தனிப் பொத்தானே வைத்திருக்கிறார்கள். மகிழத்தான் வேண்டும். ஆனால் 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே நடந்ததை மறக்க முடியுமா? குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற குடும்பம் ஒன்று. வழியில் குழந்தைகளைக் கண்டதும் மூதாட்டி மிட்டாய் கொடுத்தார். உலகத்தில் எந்த மொழிக்காரருக்கும் புரியும் சைகை அது – அன்பு! பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியைப் படித்திருந்த ஊருக்கு அது வேறாகப் புரிந்தது. அடித்தே கொன்றார்கள். யாரும் அவரிடம், “அம்மா, நீங்கள் யார்?” என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருக்கவில்லை. அதே ஆண்டு சூலையில் அந்த நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து பேருக்குமேல் கடத்த முடியாதபடி வரம்பு கட்டியது. நம் அறிவு கட்ட வேண்டிய வரம்பை ஒரு கருவி கட்ட வேண்டியதாயிற்று!

பகுத்தறிவாளர்களாகிய நாம் மட்டும் யோக்கியமா? பெரியார் படம் போட்டு, அவர் சொல்லாத வாசகத்தை அச்சிட்டு வரும் படங்களை எத்தனை முறை கண்ணை மூடிக்கொண்டு பத்துப் பேருக்கு அனுப்பியிருக்கிறோம்? எங்கே, எப்போது, எந்த இதழில் என்று கேட்டோமா? பொருள் தெரியாமல் முணுமுணுப்பவரை நோக்கி நகைக்கும் நாம், மூலம் தெரியாமல் கடத்துவதற்கு என்ன பெயர் வைப்பது? மேடையிலும் அப்படித்தான். மூன்று மணி நேரம் முழங்குகிறோம். மூன்று நிமிடம் கேள்விக்கு விட்டோமா? சால்வைக்கு நேரம் இருக்கிறது, சந்தேகத்துக்கு நேரமில்லை. பெண் தோழர் எழுந்து கேட்டால் “பிறகு பேசிக்கொள்ளலாம், உட்காரம்மா” என்கிறோம். வள்ளுவர் சொல்வன்மைக்கு அதிகாரம் வைக்குமுன் கேள்விக்கு அதிகாரம் வைத்தார் என்று மேடையில் சொன்னால் மட்டும் கைதட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஊரார் கேட்க, ஊராட்சி மறுமொழி சொல்லியாக வேண்டிய அவை அது. தண்டோராவுக்கு நேர் எதிரானது! நம் ஊரில் நாமும் போய்ப் பார்த்தோம். நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்கள் சிலர். தூணோரம் நின்ற பெண்கள் சிலர். காலனியிலிருந்து வந்தவர்கள் பந்தலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில். கணக்கைப் படித்தார்கள், கேள்வி உண்டா என்றார்கள், இல்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். வேப்பமரத்தடியில் நின்றவர்களை உற்றுப் பார்த்தோம். கைகள் மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்தன. பள்ளியில் படித்தவர்கள்தாம் அவர்களும்!

மறுநாள் வகுப்புக்குப் போனதும், கைகளை அவிழ்க்கச் சொன்னோம். சில பிள்ளைகள் அஞ்சினார்கள். ஏதோ தண்டனைக்குத்தான் அவிழ்க்கச் சொல்கிறோம் என்று உள்ளங்கையை நீட்டினார்கள். அடிக்க அல்ல என்று சொல்லிப் புரியவைக்கப் பாதி நேரம் போயிற்று. பிறகு பழைய பாடத்தையே எடுத்தோம். தண்டோராவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். அந்த ஆண்டு முழுவதும் அவள் குரலை நாம் கேட்டதில்லை.

“ஐயா, பறையடித்துச் சொல்கிறவர்கிட்டே, ‘எங்க தெருவுக்குத் தண்ணி வரலை’ன்னு யாராவது சொன்னா, அவரு யாருகிட்டே போய்ச் சொல்லுவாரு?”

அவள் பாட்டனார் அந்த வேலையைச் செய்தவர் என்று பிறகு தெரிந்தது. விடையை நாம் சொல்லவில்லை. அவரையே கேட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.